பெரிய சென்சாரா, நல்ல லென்ஸா? கேமரா வாங்கும் முன் ஒரு கணக்கு

“அண்ணே, ஃபுல் பிரேம் கேமரா இல்லாம கல்யாணம் எடுக்க முடியாதா?”

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், பொலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படிக்கும் தம்பி தங்கைகளும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. நான் சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தில் வளர்ந்தவன். வார நாள்களில் எனக்கு வேறு வேலை. வார இறுதியில் சபாக் பெர்ணாம் முதல் கோலசிலாங்கூர் வரை திருமணம், காதணி விழா, ஆலயத் திருவிழா என்று படம் எடுக்கப் போய்விடுவேன். அதனால்தான் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது.

கேள்வி சிறியது. அதன் பின்னால் இருக்கும் பணம் சிறியதல்ல. அண்மையில் ஒரு தம்பி வந்தார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். மகனின் ஆர்வத்தைப் பார்த்து, கடன் எடுத்தாவது கேமரா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். தம்பி கொண்டுவந்த தாளில் எழுதியிருந்தது ஒரே வரிதான்: ஃபுல் பிரேம் கேமரா, கூடவே பெட்டியில் வரும் லென்ஸ்.

அப்படிப்பட்ட ஒரு கேமரா, லென்ஸுடன் சேர்த்து, அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 டாலருக்கு அறிமுகமானது. ஒரு டாலருக்குச் சுமார் 4 வெள்ளி என்று வைத்தால் 6,800 வெள்ளி. நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு முதல் 1,700 வெள்ளி. அப்படியென்றால் சாப்பாடு, வாடகை, பெட்ரோல் எதற்கும் ஒரு காசு எடுக்காமல் நான்கு மாதச் சம்பளம். அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன், அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அந்தத் தம்பியுடன் உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

சென்சாரின் அளவு

கேமராவுக்குள் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஒளி உணரும் சில்லுதான் சென்சார். பழைய பிலிமின் இடத்தில் இன்று இருப்பது அது. ஃபுல் பிரேம் என்றால் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட சென்சார். பரப்பளவு 864 சதுர மி.மீ.

அதைவிடச் சிறியது ஏ.பி.எஸ்.-சி. நிக்கோன், சோனி, ஃபியூஜி கேமராக்களில் அது ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ.; கேனானில் 22.3-க்கு 14.9 மி.மீ. இன்னும் சிறியது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 17.3-க்கு 13 மி.மீ. ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து 2008-இல் அறிவித்த வகை இது. நம் கைப்பேசியில் இருப்பது இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு சிறியது.

பெருக்கிப் பார்த்தால், கேனானின் ஏ.பி.எஸ்.-சி சென்சாரைவிட ஃபுல் பிரேம் 2.6 மடங்கு பெரியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட 3.8 மடங்கு பெரியது. இந்த 2.6 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் பாதிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

‘ஃபுல்’ என்ற பெயரில் ஒரு மயக்கம்

பெயரைக் கேட்டதும் மற்ற கேமராக்கள் எல்லாம் அரைகுறை என்று தோன்றிவிடும். இந்தப் பெயரின் வரலாறு வேறு. ஜெர்மனியில் ஒஸ்கார் பார்னாக் என்ற பொறியியலாளர், சினிமாவுக்காகச் செய்யப்பட்ட 35 மி.மீ. பிலிமைச் சிறிய கேமராவில் பயன்படுத்தும் வழியைக் கண்டார். அது 1925-இல் ‘லைக்கா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் படச் சட்டகம்தான் 36-க்கு 24 மி.மீ. அன்றைய செய்திப் படக்காரர்கள் உள்ளங்கை அகலத்துக்குப் பிலிம் போடும் பெரிய கேமராக்களைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் கண்ணுக்கு லைக்கா ஒரு ‘குட்டிக் கேமரா’. அன்று குட்டி என்று அழைக்கப்பட்ட அளவுதான் இன்று ‘ஃபுல்’.

இன்றும் ஃபுல் பிரேமைவிடப் பெரிய சென்சார்கள் உண்டு. மீடியம் ஃபார்மெட் என்ற வகையில் 43.8-க்கு 32.9 மி.மீ. சென்சார் உள்ள கேமராக்கள் கடையில் கிடைக்கின்றன. சினிமா உலகத்தைப் பார்த்தால் நிலைமை நேர்மாறு. அங்கே பல ஆண்டுகள் ஆட்சி செய்த ‘சூப்பர் 35’ என்ற அளவு, ஏ.பி.எஸ்.-சி அளவுக்கு மிக நெருக்கமானது. 2012-இல் வெளிவந்த ‘ஸ்கைஃபால்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தை ரோஜர் டீக்கின்ஸ் எடுத்தது அந்த அளவு சென்சார் கொண்ட கேமராவில்தான். உலகத் திரையரங்குகளில் அத்தனை பெரிய திரையில் ஓடிய படத்துக்கு அந்தச் சென்சார் போதுமாக இருந்தது.

பெரிய சென்சார் ஏன் விலை அதிகம்?

சென்சார்களை வட்டமான சிலிக்கான் தகட்டின் மீது வரிசையாக உருவாக்கி, பிறகு வெட்டி எடுப்பார்கள். வட்டத்துக்குள் செவ்வகம் பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் வீணாகும் இடம் கூடும். தகட்டில் எங்கோ ஒரு சிறு குறை இருந்தால், அந்த இடத்தில் உள்ள சென்சார் முழுவதையும் கழிக்க வேண்டும். சிறிய சென்சாரைக் கழித்தால் நட்டம் கொஞ்சம். பெரியதைக் கழித்தால் நட்டம் அதிகம். கேனான் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஒரு விளக்கத்தில், 8 அங்குலத் தகட்டில் ஏ.பி.எஸ்.-சி சென்சார் ஏறக்குறைய 200 கிடைக்கும் என்றும், ஃபுல் பிரேம் 20 மட்டுமே கிடைக்கும் என்றும் சொன்னது.

ஆனால் தொழில்நுட்பம் வளர வளர, கேமரா உடலின் விலை இறங்கிவிட்டது. கேனானின் முதல் ஃபுல் பிரேம் டிஜிட்டல் கேமராவான 1டி.எஸ். 2002-இல் ஏறக்குறைய 8,000 அமெரிக்க டாலர். 2005-இல் வந்த 5டி சுமார் 3,300 டாலர். 2019-இல் வந்த ஆர்.பி. சுமார் 1,300 டாலர்.

லென்ஸ் அப்படி இறங்கவில்லை. திருமணப் படக்காரர்கள் விரும்பும் 70–200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கேனானின் அந்த லென்ஸ் 2010-இல் சுமார் 2,500 டாலர். 2019-இல் வந்த அதன் புதிய வடிவம் சுமார் 2,700 டாலர். சில்லு மலிவாகலாம். கண்ணாடியைக் கடைந்து, மெருகேற்றி, அணு அளவு பிசகாமல் அடுக்கும் வேலை மலிவாகவில்லை. இன்று ஃபுல் பிரேம் உடல் கைக்கு எட்டும் விலையில் இருப்பது உண்மைதான். அதனுடன் சேர்ந்து வரும் லென்ஸ் செலவை விளம்பரத்தில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

மழையும் தட்டும்

ஒளியைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மழை பெய்யும்போது வாசலில் ஒரு சிறிய தட்டையும் ஒரு பெரிய தாம்பாளத்தையும் வையுங்கள். இரண்டின் மீதும் ஒரே மழைதான் விழுகிறது. தாம்பாளம் பரப்பில் பெரியது என்பதால் அதிக நீர் சேரும். சென்சாரின் வேலை அந்தத் தாம்பாளத்தின் வேலை.

மழை தூறலா, அடைமழையா என்பதை முடிவு செய்வது லென்ஸ். லென்ஸின் மீது எஃப் 1.8, எஃப் 6.3 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குவியத் தூரத்தை ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது அந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துவாரம் ஏறக்குறைய 28 மி.மீ. அகலம். 45 மி.மீ.யில் எஃப் 6.3 என்றால் துவாரம் 7 மி.மீ. அளவுதான். எண் சிறியதானால் துவாரம் பெரியது.

இப்போது கணக்கு. 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து, விடையை அதே எண்ணால் பெருக்குங்கள். 12.25 வரும். அதாவது எஃப் 6.3 லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 லென்ஸை மாட்டினால், அதே கேமராவுக்குள் 12 மடங்கு ஒளி வருகிறது. சிறிய சென்சாரிலிருந்து பெரிய சென்சாருக்கு மாறினால் கிடைப்பது 2.6 மடங்கு.

தட்டை மாற்றுவதா, தூறலை அடைமழையாக்குவதா? இரண்டில் எது மலிவு என்பதுதான் அடுத்த கேள்வி.

இரண்டு கேமரா, ஒரே மாதம்

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களை எடுக்கிறேன். இது விளம்பரம் அல்ல. இரண்டும் 2023 பிப்ரவரியில் ஒன்றாக அறிவிக்கப்பட்டவை. இரண்டிலும் 24.2 மெகாபிக்சல், ஒரே வகை பேட்டரி, லென்ஸ் பொருத்தும் வாயும் ஒன்று. முக்கிய வேறுபாடு சென்சார் அளவு. விலைகள் அமெரிக்காவில் அறிமுகமானபோது அறிவிக்கப்பட்டவை, முழு எண்ணாக்கியிருக்கிறேன். நம் கடைகளில் விலை மாறும். நீங்கள் விகிதத்தைப் பாருங்கள்.

கேனான் ஆர்50, ஏ.பி.எஸ்.-சி: 18–45 மி.மீ. லென்ஸுடன் 800 டாலர்.

கேனான் ஆர்8, ஃபுல் பிரேம்: 24–50 மி.மீ. லென்ஸுடன் 1,700 டாலர்.

இரண்டு பெட்டியிலும் வரும் லென்ஸ்களின் துவார எண் ஒன்றுதான்: எஃப் 4.5 முதல் 6.3 வரை. நம் தம்பியின் தாளில் இருந்தது இரண்டாவது பெட்டி.

இப்போது ஆர்50 பெட்டியுடன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்ப்போம். அதன் விலை 200 டாலர். எடை 160 கிராம். மொத்தம் 1,000 டாலர், சுமார் 4,000 வெள்ளி. ஃபுல் பிரேம் பெட்டியைவிட 2,800 வெள்ளி குறைவு.

இரண்டையும் ஒரு தோட்டத்து மாரியம்மன் ஆலயத் திருவிழாவுக்கு எடுத்துப் போவோம். இரவு, இரதம் புறப்படும் நேரம். வெளிச்சம் என்றால் இரதத்தின் விளக்குகளும் ஒன்றிரண்டு குழல் விளக்குகளும்தான். எஃப் 1.8-இல், ஐ.எஸ்.ஓ. 3,200-இல், விநாடியில் 125-இல் ஒரு பங்கு நேரத்தில் படம் சரியாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காவடி ஆடுபவரின் முகம் ஓரளவு நிற்கும் வேகம் இது.

அதே இடத்தில் எஃப் 6.3 லென்ஸுடன் ஃபுல் பிரேம் கேமரா என்ன செய்யும்? ஒளி 12 மடங்கு குறைவு என்பதால் நேரம் விநாடியில் 10-இல் ஒரு பங்காக நீளும். காவடியும் முகமும் இழுபட்டுப் போகும். வேகத்தை விடக்கூடாது என்றால் ஐ.எஸ்.ஓ.வை ஏறக்குறைய 40,000-க்கு ஏற்ற வேண்டும். பெரிய சென்சாரின் 2.6 மடங்கு உதவியைக் கழித்தாலும், அந்தப் படத்தின் புள்ளி இரைச்சல் சிறிய கேமராவில் ஐ.எஸ்.ஓ. 15,000-இல் எடுத்ததைப் போல இருக்கும். சிறிய கேமராவோ நல்ல லென்ஸுடன் 3,200-இல் நிற்கிறது.

விலை குறைந்த கேமரா வெற்றி பெற்றது சென்சாரால் அல்ல. 200 டாலர் லென்ஸால்.

ஃபுல் பிரேமின் நியாயம்

இத்துடன் நிறுத்தினால் அது ஒருதலைப்பட்சம். ஃபுல் பிரேமுக்கு உண்மையான பலன்கள் உண்டு.

முதலாவது, அதே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை ஃபுல் பிரேமில் மாட்டினால், அந்த 2.6 மடங்கு ஒளி முழுவதும் லாபம். ஐ.எஸ்.ஓ. 6,400-இல் எடுத்த படம், சிறிய சென்சாரில் 2,500 அளவில் எடுத்ததைப் போலத் தெளிவாக இருக்கும். இருண்ட மண்டபத்தில் மாதம் நான்கு திருமணம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது, பின்னணி மங்கல். சிறிய சென்சாரில் எஃப் 1.8 தரும் மங்கல், ஒரே சட்டகத்தில் பார்த்தால், ஃபுல் பிரேமில் எஃப் 2.9 தரும் அளவுதான். மணமகள் மட்டும் தெளிவாக, பின்னால் இருக்கும் நாற்காலிகள் கரைந்துபோக வேண்டுமென்றால் ஃபுல் பிரேம் எளிது.

மூன்றாவது, அகலக் காட்சி. சிறிய மூலஸ்தானத்துக்கு முன் நின்று முழுக் காட்சியையும் பிடிக்க அகலமான லென்ஸ் வேண்டும். கேனானின் 16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 300 டாலர். ஃபுல் பிரேமில் அது மிக அகலம். அதே லென்ஸைச் சிறிய சென்சாரில் மாட்டினால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, 26 மி.மீ. காட்சிதான் கிடைக்கும். அந்த அகலத்தைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் 10–18 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டும். விலை 330 டாலர். அதன் துவாரமோ எஃப் 4.5-இல்தான் தொடங்குகிறது. இந்த ஓர் இடத்தில் ஃபுல் பிரேம்காரருக்குச் செலவும் குறைவு, ஒளியும் அதிகம்.

இன்னொரு நேர்மையான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். “சிறிய சென்சார் லென்ஸ் எஃப் 2.8 வெறும் 600 டாலர், ஃபுல் பிரேமின் எஃப் 2.8 லென்ஸ் 2,300 டாலர், பாருங்கள் எவ்வளவு மலிவு!” என்று சிலர் ஒப்பிடுவார்கள். சிக்மாவின் 18–50 மி.மீ., கேனானின் 24–70 மி.மீ. என்ற இரண்டையும் வைத்துச் சொல்வது அது. எண்கள் சரி, ஒப்பீடு சரியல்ல. தாம்பாளத்தில் சேரும் மொத்த ஒளியைப் பார்த்தால், சிறிய சென்சாரின் எஃப் 2.8, ஃபுல் பிரேமின் எஃப் 4.5-க்குச் சமம். எனவே அதை ஒப்பிட வேண்டியது ஃபுல் பிரேமின் எஃப் 4 லென்ஸுடன்தான். கேனானின் 24–105 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 2018-இல் சுமார் 1,100 டாலருக்கு வந்தது. விலை வித்தியாசம் அப்போதும் உண்டு. நான்கு மடங்கு இல்லை, இரண்டு மடங்குக்கும் குறைவு.

துவாரம் பெரிதாகப் பெரிதாக விலை எப்படிப் பாய்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. கேனானின் 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் 2,300 டாலர், எடை 950 கிராம். எஃப் 1.8 லென்ஸைவிட அது தரும் ஒளி 2.25 மடங்கு, விலையோ 11 மடங்குக்கு மேல். ஃபுல் பிரேம் வாங்கிய பலர் அடுத்தடுத்து ஆசைப்படுவது இத்தகைய லென்ஸ்களுக்குத்தான். ஆர்8 உடலுக்கு 24–70, 70–200 என்ற இரண்டு எஃப் 2.8 லென்ஸ்களைச் சேர்த்துப் பாருங்கள். 1,500, 2,300, 2,700. மொத்தம் 6,500 டாலர், சுமார் 26,000 வெள்ளி. அதில் கேமராவின் பங்கு கால்வாசிகூட இல்லை.

நம் வட்டாரத்தில் எதற்கு எது?

நாம் இருக்கும் இடமே நல்ல பயிற்சிக்கூடம். கூட்டரசுச் சாலை 5-இல் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து தெற்கே போனால் சுங்கை பெசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என்று ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு பாடம்.

சிகிஞ்சான் வயல்களைக் காலை வெயிலில் எடுக்க எந்தச் சென்சாரும் போதும். வெளிச்சம் தாராளம், எஃப் 8-இல் எடுத்தாலும் மிச்சம் இருக்கும். பெட்டியில் வந்த லென்ஸே அங்கு அழகாக வேலை செய்யும்.

கோலசிலாங்கூர் புக்கிட் மலாவாத்தியில் லோத்தோங் குரங்குகள் மனிதருக்குப் பயப்படாமல் பக்கத்திலேயே உட்காரும். கறுத்த தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி. 50 மி.மீ. லென்ஸே போதும், தூரம் பிரச்சினை இல்லை.

மலையடிவாரத்து இயற்கைப் பூங்காவின் சதுப்பு நிலத்தில் நிலைமை வேறு. கொக்கும் மீன்கொத்தியும் கிட்டே வராது. இங்குதான் சிறிய சென்சார் தன் கையை உயர்த்துகிறது. 100–400 மி.மீ. லென்ஸ் ஒன்று 650 டாலர். ஆர்50-இல் மாட்டினால் அதன் காட்சிக் கோணம், ஃபுல் பிரேமில் 640 மி.மீ. லென்ஸ் தருவதைப் போன்றது. ஃபுல் பிரேமில் அந்த அளவு நெருங்க இரண்டு வழிகள். ஒன்று, எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. ஆர்8-இல் அப்படிச் செய்தால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 9 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். மற்றொன்று, 200–800 மி.மீ. போன்ற லென்ஸ் வாங்குவது. அதன் விலை 1,900 டாலர், எடை இரண்டு கிலோவுக்கும் மேல்.

பறவை, விலங்குப் படம் என்றால் நாம் நினைக்க வேண்டிய தமிழர் ஒருவர் உண்டு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). இந்தியக் காடுகளின் யானைகளையும் மற்ற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தவர். அவருடைய புகழ்பெற்ற கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு நிறுவனத்தின் உடல், இன்னொன்றின் தொலைநோக்கு லென்ஸ், வேறு சில பாகங்கள் என்று தாமே கூட்டிச் சேர்த்த அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். தனக்கு வேண்டிய படம் எது என்று முதலில் தெரிந்திருந்ததால்தான், எந்தப் பாகம் தேவை என்று அவரால் முடிவெடுக்க முடிந்தது.

கம்போங் குவாந்தான் மின்மினிகள் கடைசிப் பாடம். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். பிளாஷ் போடக்கூடாது, அது பூச்சிகளுக்குத் தொந்தரவு. நீங்கள் உட்கார்ந்திருப்பது துடுப்புப் படகில் என்பதால் முக்காலி வைத்தும் பயனில்லை, படகே அசையும். எஃப் 1.8 லென்ஸுடன் முயன்று பாருங்கள். ஃபுல் பிரேமுடனும் முயன்று பாருங்கள். ஆனால் முதல் பத்து நிமிடம் கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பார்ப்பதே என் ஆலோசனை.

பழைய பொருளும் பூஞ்சணமும்

மாணவர்களுக்குப் பயன்படுத்திய கேமரா நல்ல வழி. புதிய மாதிரி வந்ததும் பழைய உடலின் விலை வேகமாக இறங்கும். நல்ல லென்ஸ் அவ்வளவு வேகமாக இறங்காது. ஆகவே உடலைப் பழையதாகவும், லென்ஸை நல்லதாகவும் வாங்குவது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். நம் நாட்டு ஈரப்பதத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி அதுதான். அலமாரியில் துணிப்பையோடு பூட்டி வைத்தால் சில மாதங்களிலேயே வந்துவிடலாம். காற்று புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பத மானி மூன்றும் இருந்தால் போதும். மானி 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். கேமரா வாங்கும் பணத்தில் இதற்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள்.

இன்னொன்று, லென்ஸ் பொருத்தும் வாய். நாளைக்கு ஃபுல் பிரேமுக்கு மாறும் எண்ணம் இருந்தால், இன்று வாங்கும் லென்ஸ் அதில் முழுமையாக வேலை செய்யுமா என்று கேளுங்கள். மேலே சொன்ன 50 மி.மீ. எஃப் 1.8 இரண்டிலும் வேலை செய்யும். ஆர்50-உடன் வரும் 18–45 மி.மீ. லென்ஸ் ஆர்8-இல் மாட்டும். ஆனால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும்.

பெற்றோரிடம் கேட்கும் முன்

கடன் வாங்கக்கூடாது, ஃபுல் பிரேம் வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரந்தோறும் திருமணம் எடுத்து வருமானம் வரும் நிலையில், உங்கள் படங்கள் இருட்டில் எங்கே தோற்கின்றன என்று உங்களுக்கே தெரியும் நாளில், அந்த 2.6 மடங்குக்குப் பணம் கொடுப்பது நியாயமான செலவு. அதுவரை பெரிய நிகழ்ச்சி வந்தால் ஃபுல் பிரேமை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

முதலில் ஒரு தாளில் நீங்கள் உண்மையில் எடுக்கப் போகும் ஐந்து படங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெளிச்சம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு அதற்கு எந்த லென்ஸ் என்று எழுதுங்கள். லென்ஸ் விலையைக் கூட்டுங்கள். கேமரா உடலைக் கடைசி வரியில் எழுதுங்கள். நான் பார்த்தவரை, இந்த வரிசையில் எழுதிய பிள்ளைகளின் மொத்தத் தொகை, உடலை முதலில் எழுதியவர்களின் தொகையைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது.

உங்கள் தோட்டத்து ஆலயத்தில் அடுத்த திருவிழா என்றைக்கு என்று பாருங்கள். பள்ளியிலோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ ஒரு பழைய ஏ.பி.எஸ்.-சி கேமராவும் எஃப் 1.8 லென்ஸும் ஒரு நாளைக்கு இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். இரதம் புறப்படும் நேரத்தில் முதலில் பெட்டி லென்ஸில் பத்துப் படம், பிறகு அந்த லென்ஸில் பத்துப் படம் எடுங்கள். இரண்டையும் வீட்டில் அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து பாருங்கள். என்ன வாங்குவது என்ற பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.